படத்தில் விழாத புகை

மகனின் மூளை ஸ்கேன் கவரோடு என் அறைக் கதவைத் தட்டும் அப்பாக்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "எவ்வளவு போயிருக்கு டாக்டர்?"

கஞ்சா தின்ற மூளையில் எவ்வளவு மிச்சம் என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. நுரையீரல் எக்ஸ்ரேயில் டி.பி. ஓட்டை தெரிகிறதே, எலும்பில் விரிசல் தெரிகிறதே, மூளையில் மட்டும் ஏன் தெரியாது? நியாயமான கேள்வி. ரேடியாலஜிஸ்ட் என்ற பெயரில் இருட்டறையில் உட்கார்ந்து படம் படிக்கும் எனக்கு நோயாளியோடு பேசியாக வேண்டிய கட்டாயம் கிடையாது. ஆனால் மதுரையில் அந்தச் சொகுசு செல்லாது. ரிப்போர்ட்டை வாங்கிய கையோடு, "டாக்டரை ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடுறோம்" என்று வாசலில் நின்றுவிடுவார்கள்.

மனநல மருத்துவர் அனுப்பும் சீட்டில் விவரம் சுருக்கமாக இருக்கும். வயது 21, கஞ்சா மூன்று ஆண்டுகளாக, தூக்கமில்லை, சந்தேகம், தனியாகப் பேசுகிறான், மூளை எம்.ஆர்.ஐ. தேவை. அந்த மருத்துவர் என்னிடம் கேட்பது கஞ்சாவைப் பற்றியே அல்ல. இந்தப் பையனின் நிலைக்கு வேறு உடல் காரணம் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். கட்டி, காசநோய்க் கட்டி, நாடாப்புழுவின் இளம்புழுக்கள் மூளையில் தங்கியது, மூளைக் காய்ச்சல், தாமிரம் படியும் வில்சன் நோய். நம் ஊரில் இவற்றில் பலவும் அபூர்வக் கதை கிடையாது. சீட்டைப் படிக்காத குடும்பம் மட்டும், கஞ்சா செய்த சேதத்தை அளக்கத்தான் ஸ்கேன் என்று நினைத்துப் பணம் கட்டுகிறது.

ஒரு முறை இந்தத் தேடல் பையனைக் காப்பாற்றியது. ஒரு வாரமாக உளறல், யாரையும் அடையாளம் தெரியவில்லை, நடுவில் ஒரு வலிப்பு. சட்டைப் பையில் பொட்டலம் கிடைத்ததால் வீட்டில் எல்லோருக்கும் காரணம் தெரிந்துவிட்டது. காய்ச்சல் அடித்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படம் திரையில் வந்தபோது இடப்பக்கப் பொட்டு மடல் பளீரென்று வெள்ளையாக வீங்கிக் கிடந்தது. ஹெர்ப்பிஸ் வைரஸ் மூளைக் காய்ச்சல். அசைக்ளோவிர் ஊசி அன்று இரவே ஏறியது. அந்தப் பையன் கஞ்சா குடித்தது உண்மை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கஞ்சா என்ற சொல் ஒரு குடும்பத்தில் நுழைந்துவிட்டால் மற்ற எல்லாக் காரணங்களும் வெளியே போய்விடுகின்றன என்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

இப்படி ஏதாவது அகப்படுவது கொஞ்சம் பேருக்குத்தான். மற்றவர்களின் மூளை அந்த வயதில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கிறது. நாலு ஆண்டு, ஆறு ஆண்டு, நாளுக்கு எத்தனை தடவை என்று கணக்கே இல்லாமல் இழுத்தவர்களின் மூளையும் அப்படித்தான். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, அதற்கு முந்தைய ஓர் ஆண்டுக்குள் கஞ்சா, சரஸ், பாங்கு என ஏதோ ஒன்றைத் தொட்டவர்கள் இந்தியாவில் 3.1 கோடிப் பேர். தலைவலிக்கும் பைக் விபத்துக்கும் ஸ்கேன் எடுக்க வருபவர்களில் அவர்களும் கலந்துதான் வருவார்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சுருக்கம் இருந்திருந்தால், கேட்காமலேயே நாங்கள் கண்டுபிடித்திருப்போம்.

மதுவை நாங்கள் கேட்காமலேயே கண்டுபிடிக்கிறோம். நாற்பது வயதுக்காரரின் சிறுமூளையில், நடுவில் உள்ள மடிப்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, இடையில் கறுப்புக் கோடுகளாகத் தண்ணீர் நிற்கும். முன்மூளையும் வற்றியிருக்கும். சீட்டில் 'மயக்கம்' என்று மட்டும் எழுதியிருந்தாலும், "சார் குடிப்பாரா?" என்று டெக்னீஷியனிடம் கேட்டு அனுப்பத் தோன்றும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனையும் பெயின்ட் தின்னரையும் துணியில் நனைத்து முகரும் பிள்ளைகளின் படம் இன்னும் மோசம். அதில் உள்ள டொலுயீன் கொழுப்பில் கரையும். மூளையின் வெண்பொருள் முழுக்கக் கொழுப்புறை. ஆண்டுக்கணக்கில் முகர்ந்தவனுக்கு வெண்பொருளுக்கும் சாம்பல் பொருளுக்கும் இடையிலான எல்லையே மங்கிவிடும். தலாமஸ் கறுத்துப் போயிருக்கும். இரண்டுக்கும் படம் சாட்சி சொல்கிறது. வீட்டில் அதிகம் பயப்படுவது கஞ்சாவுக்குத்தான்; அதற்குப் படம் வாய் திறப்பதில்லை.

ஹிப்போகேம்பஸ் என்ற இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இது ஏன் என்று புரியும். காதுக்கு உள்பக்கமாக, பொட்டு மடலின் அடித்தளத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. நீளம் நாலு சென்டிமீட்டர் சொச்சம். புதிய நினைவுகள் பதிவாக இது வேண்டும். கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. போய் ஒட்டிக்கொள்ளும் சி.பி.1 என்ற ஏற்பிகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் இழுத்த அரைமணி நேரத்தில், என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்பது மறந்துபோகிறது. கஞ்சாவுக்கும் மூளைக்கும் என்ன உறவு என்று தேடும் ஆய்வாளர்கள் அடிக்கடி அளவுநாடாவை வைப்பது இங்கேதான்.

2008-இல் ஆஸ்திரேலியாவில் முராத் யூசெல் குழு வெளியிட்டது, இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் அளவீடு. பத்து ஆண்டுகளுக்கு மேல், நாளுக்கு ஐந்து சுருட்டுக்கு மேல் இழுத்த 15 ஆண்கள். ஒப்பிட, தொடாதவர்கள் 16 பேர். இழுத்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சராசரியாக 12 விழுக்காடு சிறியது. பயம், கோபம் சார்ந்த அமிக்டலா 7.1 விழுக்காடு சிறியது. பத்திரிகைகள் இதை 'கஞ்சா மூளையைச் சுருக்குகிறது' என்று எழுதின. நான் அந்த எண்ணை என் திரையில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு பக்க ஹிப்போகேம்பஸின் கன அளவு ஏறக்குறைய 3 மில்லி. அதில் 12 விழுக்காடு என்பது ஏழெட்டுச் சொட்டுத் தண்ணீர். ஸ்கேன் சென்டரில் சாதாரணமாக எடுக்கும் படத்தில் ஒரு ஸ்லைஸின் தடிமன் 5 மில்லிமீட்டர். அதில் இந்த ஏழெட்டுச் சொட்டை எந்தக் கண்ணாலும் பிடிக்க முடியாது. ஒரு மில்லிமீட்டர் ஸ்லைஸ் எடுத்து, எல்லை வரைந்து, மென்பொருளில் அளந்தாலும் இன்னொரு தொல்லை இருக்கிறது. தொடாத 16 பேருக்குள்ளேயே ஒருவருக்கொருவர் உள்ள வித்தியாசம் இதைவிடப் பெரியது. இரண்டு ஊர்க்காரர்களின் சராசரி உயரத்தில் ஓர் அங்குலம் வித்தியாசம் இருக்கலாம். அதை வைத்து, பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒருவன் எந்த ஊர் என்று சொல்ல முடியாது. ஆய்வு பேசுவது ஊரைப் பற்றி. அப்பா கேட்பது தன் மகனைப் பற்றி.

அந்த 15 பேரும் சராசரியாக நாற்பது வயதை நெருங்கியவர்கள், இருபது ஆண்டுகளாக இழுத்தவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கல்லூரி இரண்டாம் ஆண்டில் விடுதி மாடியில் தொடங்கிய பையனுக்கு அந்த எண்ணை அப்படியே தூக்கிப் பொருத்துவது சரியில்லை.

மூளையைப் படமெடுத்துக் கஞ்சாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் ஆசை எங்கள் தொழிலுக்குப் புதிதல்ல. 1971-இல், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கேம்ப்பெல் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் பத்து இளைஞர்களைச் சோதித்து 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அப்போது சி.டி. ஸ்கேன் பிறந்துகொண்டிருந்த நேரம், எம்.ஆர்.ஐ. கனவிலும் இல்லை. முதுகில் ஊசி குத்தி, தண்டுவட நீரை எடுத்துவிட்டு, காற்றை ஏற்றி, அது மூளையின் அறைகளுக்குள் ஏறியதும் எக்ஸ்ரே எடுப்பார்கள். நாள்கணக்கில் தலை பிளக்கும். எனக்குப் பாடம் சொன்ன மூத்த தலைமுறை இந்தச் சோதனையைச் செய்து பழகியது. அவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரல் தானாகவே தாழ்ந்துவிடும். பிரிஸ்டல் இளைஞர்களின் மூளை அறைகள் பெரிதாக இருந்தன, ஆகவே மூளை சுருங்கியிருக்கிறது என்றது அந்தக் கட்டுரை. உலகமே பதறியது. பிறகு நிதானமாகப் பார்த்தவர்கள், அந்தப் பத்துப் பேரில் எல்.எஸ்.டி., ஆம்ஃபெட்டமைன் எடுத்தவர்களும் தலையில் அடிபட்டவர்களும் இருந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். ஆறு ஆண்டு கழித்து, 1977-இல், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஒரே இதழில் இரண்டு குழுக்கள் சி.டி. ஸ்கேன் முடிவுகளை வெளியிட்டன. இரண்டிலும் சுருக்கம் இல்லை.

பதறுவதும் பிறகு அடங்குவதும் அதோடு முடியவில்லை. 2014-இல் பாஸ்டனிலிருந்து, குறைந்தது வாரத்துக்கு ஒரு முறை இழுப்பவர்களுக்கு மூளையின் இன்ப மையமான அக்கும்பென்ஸில் மாற்றம் என்று ஓர் ஆய்வு வந்தது. இரு தரப்பிலும் இருபது இருபது பேர். அடுத்த ஆண்டே அதே ஆய்விதழில் வேறொரு குழு, தினமும் இழுப்பவர்களை எடுத்துக்கொண்டு, இரு தரப்பின் மதுப் பழக்கத்தையும் சமப்படுத்தி அளந்தது. வித்தியாசம் எதுவும் இல்லை. கஞ்சாவின் கணக்கில் எழுதியதில் எவ்வளவு மதுவின் கணக்கு என்று அப்போதிலிருந்து சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். நம் ஊரில் கஞ்சா மட்டும் என்று வருபவனைப் பார்ப்பதே அரிது. சிகரெட் கூட இருக்கும், சனிக்கிழமை சரக்கு இருக்கும், பைக்கில் விழுந்து தலையில் தையல் போட்ட தழும்பும் இருக்கும்.

இன்னொரு சிக்கல், எது முதல் என்பது. ஆஸ்திரேலியாவில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுத்து வைத்துவிட்டு நான்கு ஆண்டு கழித்துத் திரும்பப் பார்த்தார்கள். கண்ணுக்கு மேலே இருக்கும் முன்மூளைப் பகுதி அன்றைக்கே சற்றுச் சிறியதாக இருந்த பிள்ளைகள்தான் பிறகு கஞ்சாவைத் தொட்டவர்களில் அதிகம். 2012-இல் வந்த அந்த முடிவை, கஞ்சா தொடும் முன்பே அந்த மூளை அப்படி இருந்தது என்றுதான் படிக்க முடியும். 2015-இல் அமெரிக்காவில் உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டபோது, இழுத்த அண்ணனுக்கும் தொடாத தம்பிக்கும் அமிக்டலா ஒன்றுபோல் சிறியதாக இருந்தது. குடும்பத்திலேயே இருக்கும் ஏதோ ஒன்று. இதை அப்பாக்களிடம் சொல்வதில்லை. சொன்னால் வீட்டில் அடுத்த சண்டை எந்த வழி உறவு என்பதில் தொடங்கும்.

இதையெல்லாம் சொன்னால், கஞ்சா ஒன்றும் செய்யாது என்கிறீர்களா என்று கேட்பார்கள். அப்படிச் சொல்லவில்லை. பல நாட்டுப் பிள்ளைகள் 799 பேரைப் பதினான்கு வயதிலும் ஐந்து ஆண்டு கழித்தும் ஸ்கேன் எடுத்த ஐரோப்பிய ஆய்வு 2021-இல் வந்தது. இடையில் அதிகம் இழுத்தவர்களுக்கு முன்மூளையின் புறணி மற்றவர்களைவிடச் சற்று வேகமாக மெலிந்திருந்தது, சி.பி.1 ஏற்பிகள் அடர்ந்த இடங்களோடு அந்த மெலிவு ஒத்துப்போனது. தொடங்கும் முன்பே எடுத்த படம் கையில் இருந்ததால் இதை நான் மதிக்கிறேன். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972–73-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரை இன்றுவரை தொடர்ந்து பார்க்கிறார்கள். நாற்பத்தைந்து வயதில், நீண்ட காலம் இழுத்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் சிறுவயதில் இருந்ததைவிட 5.5 புள்ளி குறைந்திருந்தது, ஹிப்போகேம்பஸும் சிறியது. ஆனால் அந்தச் சிறுமை இந்தக் குறைவை விளக்கவில்லை என்று அவர்களே எழுதினார்கள். படத்தில் ஒன்று, வாழ்க்கையில் ஒன்று. இரண்டுக்கும் கயிறு கட்ட முடியவில்லை. விட்டவர்களைப் பற்றியும் ஒரு நல்ல சேதி உண்டு. யூசெல் குழுவே 2016-இல், விட்டுச் சராசரியாக இரண்டு ஆண்டுக்கு மேலானவர்களின் ஹிப்போகேம்பஸ், தொடாதவர்களுடையதைப் போலவே இருப்பதாகக் கண்டது. மீள்கிறது என்று ஒரு வரியில் சொல்ல நான் தயங்குவேன், அவர்கள் எண்ணிக்கை சிறியது. ஆனாலும் விட்டுவிட்ட பையன்களிடம் இதைச் சொல்கிறேன்.

ஸ்கேன் அறைக்குள் நடப்பதையும் இந்த எண்களோடு சேர்க்க வேண்டும். கஞ்சாவை நிறுத்திய முதல் வாரம் தூக்கம் வராது, எரிச்சல், வியர்வை. அந்த நிலையில்தான் பலரையும் கூட்டி வருகிறார்கள். மணிக்கட்டிலிருந்து சாமிக் கயிற்றில் கோத்த தாயத்து, இடுப்பிலிருந்து அரைஞாண்கொடி, எல்லாவற்றையும் அம்மா கழற்றிப் புடவை முந்தானையில் முடிந்துகொள்வார். தலைக்குக் கூண்டு மாட்டி உள்ளே தள்ளியதும் இயந்திரம் இடிக்கத் தொடங்கும். ஒரு பையன் அந்த இடிக்குத் தாளம் போட்டுக் கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டே இருந்தான். கால் ஆடினால் தலையும் இம்மியளவு ஆடும். கன்சோலில் இருந்த எங்கள் டெக்னீஷியன் மைக்கில், "தம்பி, எச்சிலக்கூட மெதுவா முழுங்கு, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்" என்று கெஞ்சினார். அந்த 'ஒண்ணே ஒண்ணு' மூன்று முறை திரும்ப ஓடியது. படத்தில் மண்டை ஓட்டின் விளிம்பு அலை அலையாக மூளைக்குள் விழுந்திருந்தது. இது படிக்கிறவனுக்கு வெறும் தொல்லை, அளக்கிறவனுக்குப் பொறி. ஆரோக்கியமான தன்னார்வலர்களை வேண்டுமென்றே தலையை அசைக்கச் சொல்லி எடுத்த 2015-ஆம் ஆண்டுச் சோதனையில், அசைந்தபோது அதே மனிதரின் சாம்பல் பொருள் குறைந்துவிட்டதாக மென்பொருள் கணக்குக் காட்டியது. நிம்மதியில்லாதவன் அசைகிறான், அசைந்தவனுக்கு மூளை குறைகிறது.

படம் படிப்பவனின் மொழியும் வம்பை இழுத்துவிடும். ஒரு ரிப்போர்ட்டில் 'கேவம் செப்டம் பெலுசிடம்' என்று ஒரு வரி எழுதினேன். மூளையின் இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய சுவரில் ஓர் இடைவெளி. கருவில் எல்லோருக்கும் இருக்கும், பிறந்த சில மாதங்களில் மூடிவிடும், சிலருக்கு மூடாமல் நின்றுவிடும். நோய் கிடையாது. பையனின் மாமா அந்த வரியைச் செல்போனில் தேடி, குழிவு என்று கண்டு, "மூளையில ஓட்டை விழுந்துருச்சு" என்று வீடு முழுக்கச் சொல்லிவிட்டார். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. இது அவன் உங்கள் வயிற்றில் இருந்தபோதே இருந்தது என்று நான் விளக்கியதும் அவருக்கு ஆறுதல் வரவில்லை. "அப்ப எம்மேல தப்பா?" என்றார்.

இன்னொரு பக்கம், 'இயல்பான படம்' என்ற முடிவைப் பையன்கள் விடுதலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவன் ரிப்போர்ட்டைப் படமெடுத்து நண்பர்கள் குழுவில் போட்டிருந்தான். அவன் அக்கா கொண்டுவந்து காட்டினார். அந்தப் பையனுக்கு அப்போது பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனா தன்னைக் கண்காணிக்கிறது என்ற எண்ணம் இருந்தது. எம்.ஆர்.ஐ.க்கு அந்த எண்ணம் தெரியாது. ஸ்வீடனில் ராணுவத்துக்கு எடுத்த 45,570 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 1987-இல் வந்தது. பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் இழுத்தவர்களுக்கு ஸ்கிசோஃப்ரீனியா வரும் வாய்ப்பு ஆறு மடங்கு. பின்னால் வந்தவர்கள் அந்த மடங்கைக் குறைத்தார்கள், ஆனால் அழித்துவிடவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்கேன்கூடத் தேவைப்படவில்லை. கேட்டார்கள், எழுதினார்கள், காத்திருந்தார்கள்.

அந்த அக்கா வந்து போனதிலிருந்து, இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகளின் அடியில் ஒரு வாக்கியத்தைத் தமிழிலும் சேர்க்கிறேன்: படம் இயல்பாக இருப்பது போதைப் பழக்கத்தால் பாதிப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது, மனநல மருத்துவரின் மதிப்பீடே முடிவானது. ரேடியாலஜிஸ்ட் நண்பர்கள் சிலர் இதை அதிகப்பிரசங்கித்தனம் என்கிறார்கள். மனநல மருத்துவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

இப்போது வந்திருக்கும் புதுச் சரக்கு, மூளையின் ஒவ்வொரு பகுதியையும் தானே அளந்து, வண்ணப் பட்டையில் மதிப்பெண் போட்டுத் தரும் மென்பொருள். முதியவர்களின் மறதி நோயில் இதற்குப் பயன் உண்டு. ஆனால் அது ஒப்பிட வைத்திருக்கும் அளவுகள் பெரும்பாலும் மேலைநாட்டவர் மூளைகளில் எடுத்தவை. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் 2019-இல் இந்தியர்களுக்கென்று மூளை வரைபடம் தயாரித்தபோது, நம் மூளைகள் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றிலும் சராசரியாகச் சற்றுச் சிறியவை என்று தெரிந்தது. மண்டை அளவுக்கேற்ப மென்பொருள் திருத்திக்கொள்ளும்தான், இருந்தாலும் யாருடைய அளவுகோல் என்ற கேள்வி நிற்கிறது. வேறு ஊரில் எடுத்த அப்படியொரு தாளோடு ஒருவர் வந்தார். மகனின் ஹிப்போகேம்பஸுக்கு நூற்றில் பதினெட்டாவது இடம். பக்கத்தில் மஞ்சள் நிறம்.

"இதை அம்பதாக்க என்ன மாத்திரை இருக்கு டாக்டர்?"

நல்ல ஆரோக்கியமான நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினாலும் பதினெட்டாவது இடத்தில் ஒருத்தன் நின்றுதான் ஆக வேண்டும் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. மகன் இன்னும் இழுக்கிறானா என்று கேட்டேன். விட்டு நாலு மாசமாச்சு, கடைக்கு வந்து கல்லாவில் உட்காருறான், ராத்திரி தூங்குறான் என்றார். அப்படியென்றால் அங்கே ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்ன ஸ்கேன் வேண்டாம், மாத்திரை கொடுக்கும் டாக்டரை மட்டும் விடாமல் பாருங்கள் என்று அனுப்பினேன்.

எங்கள் சென்டரிலும் அந்த மென்பொருள் இருக்கிறது. அறுபது தாண்டி, மறதி என்று வருபவர்களுக்கு ஓட்டுகிறோம். கஞ்சாப் பையன்களுக்கு வேண்டும் என்று கேட்டு வருபவர்களிடம், அந்தப் பணத்தை மனநல மருத்துவரை அடுத்த இரண்டு முறை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மேனேஜருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்.